கேட்க முன்னமே திறந்து காட்டியவர்

அன்ரி கடைக்குள் வந்தால் முதலில் கைப்பையைத் திறப்பார். யாரும் கேட்பதில்லை, கேட்கிற வழக்கமும் அந்தக் கடையில் இல்லை. கதவு மணியின் சத்தம் அடங்குவதற்குள் பையைக் கண்ணாடி மேசையில் வைத்து, சிப்பை இழுத்து, அதன் வாயை எங்கள் பக்கம் திருப்பி விரித்துப் பிடிப்பார். உள்ளே ஒரு செபமாலை, இருமல் மருந்துப் போத்தல், மடித்த சின்னத் துவாய், ஆட்டு உரோமம் ஒட்டிய ஒரு சோடிக் கையுறை. நாங்கள் பார்த்துவிட்டோம் என்று நிச்சயமான பிறகுதான் சிப்பை மூடிவிட்டுக் கேட்பார்.

"சுகமா இருக்கிறியோ பிள்ளை?"

அது துவக்குக் கடை, துப்பாக்கி விற்கிற இடம். ஸ்ரௌவ்வில்லைத் தாண்டி ஒஷாவாப் பக்கமாகப் போகும் ஒரு நாட்டுப்புற வீதியில், ட்ரக்டர் பாகங்கள் விற்கிறவருக்கும் ஒரு கோப்பிக் கடைக்கும் நடுவில் இருந்தது. சட்ட உதவியாளர் படிப்புப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், வார இறுதிகளிலும் கோடை விடுமுறைகளிலும் நான் அங்கே வேலை செய்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா தன் பெயரை எழுதப் பழகியதே இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சொல்லும்போது முதுகு கொஞ்சம் நிமிரும்.

வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்தனாங்கள். நீ துவக்குக் கடையில போய் நிக்கப்போறியோ? உதுக்கோ படிச்சனீ?"

"படிச்சபடியாத்தான் அப்பா எடுத்தவங்கள்."

அது உண்மை. முதலாளிக்குத் துவக்குகளைத் தெரியும். சட்டம் வாசிக்கப் பொறுமை இல்லை. அந்தப் பொறுமைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

இந்த நாட்டில் துவக்குகள் மூன்று வகை. கட்டுப்பாடில்லாதது, கட்டுப்பாட்டுக்குட்பட்டது, தடைசெய்யப்பட்டது. எது எந்த வகை என்பதை ஒரு பட்டியல் சொல்லும். பட்டியல் மாறும். ஒரு ரைபிளைத் தடைசெய்தால், செய்கிற நிறுவனம் அதன் உடம்பில் எதையாவது மாற்றி, வேறு பெயர் வைத்து, புதிதாக ஒன்றை இறக்கும். அது கட்டுப்பாடில்லாதது என்று பட்டியலில் ஏறும். கொஞ்சக் காலம் போக, இதுவும் பழையதன் உறவுதான் என்று முடிவெடுத்து அதையும் தடைசெய்வார்கள். ஒரு முறை விசையை அழுத்தினால் அடுத்த குண்டு தானாக ஏறிக்கொள்ளும் ரைபிள்களுக்குத்தான் இந்த அலைச்சல் அதிகம். புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்றால் ஆண்கள் கூட்டமாக வருவார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: இது எவ்வளவு காலத்துக்கு? நான் ஒரே பதிலைச் சொல்வேன்: இன்றைக்குச் சட்டபூர்வமானது. நாளைக்கு எனக்குத் தெரியாது.

முதலாளி பற்றுச்சீட்டுகளில் ஒட்டுவதற்கென்றே ஒரு மஞ்சள் துண்டு அச்சடித்து வைத்திருந்தார். வகைப்படுத்தல் மாறலாம், மாறினால் அந்த நட்டம் வாங்குகிறவருடையது, கடை திரும்ப எடுக்காது. ஒவ்வொருவருக்கும் அதை உரக்க வாசித்துக் காட்டுவது என் வேலை. ஒரு நாள் முழுவதும் அதை வாசித்துவிட்டு பஸ்ஸில் ஸ்காபரோவுக்குத் திரும்பும்போது, எனக்கு என் குரலே பிடிக்காமல் போயிருக்கும்.

அன்ரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தம்பி கூப்பிட்டு வந்தவர், தம்பி வாங்கிய நிலத்தில் ஆடு வளர்த்து, ஸ்காபரோ இறைச்சிக் கடைகளுக்குக் கொடுத்தார். ஈஸ்டருக்கு ஆட்டிறைச்சி சாப்பிட்ட எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அவருடைய ஆட்டைத்தான் சாப்பிட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தில் கொயோட்டிகள் அதிகம். நரியை விடப் பெரிது, ஓநாயை விடச் சின்னது. அன்ரிக்கு அது நரிதான்.

"நரி வந்து குட்டியளைக் கொண்டுபோகுது பிள்ளை. தாயாடு நாள் முழுக்க நிண்டு கத்துது. எனக்குக் கேட்டுக்கொண்டிருக்க ஏலாது."

அவருடைய வலது முழங்கை முழுதாக மடங்காது. ஷெல் துண்டு பட்டது. தோளிலும் ஒன்று இன்னும் உள்ளே இருந்தது. வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் சாதாரண ரைபிளில் ஒவ்வொரு வெடிக்கும் போல்ட் என்ற கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளவேண்டும், அவரால் முடியவில்லை. முதல் வெடி தவறினால் அதோடு சரி. ஒரே வெடியில் பல சன்னம் சிதறும் துவக்கின் உதைப்பை அந்தத் தோள் தாங்காது. சின்னக் குண்டு போடும் துவக்கு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். "காயப்பட்டு ஓடிப்போய் எங்கேயோ கிடந்து சாகும். அது பாவம்." மிஞ்சியது குண்டு தானாக ஏறும் அந்தச் சாதிதான், அலைச்சல் பிடித்தது. இடது கை தாங்கும், வலது கையின் ஒரு விரல் மட்டும் மடங்கினால் போதும்.

முதலாளி புதிதாக வந்த ஒன்றை எடுத்து வைத்தார். மரப்பிடி வைத்தது, பார்க்கச் சாதுவானது. நான் மஞ்சள் துண்டைத் தமிழில் வாசித்தேன்.

"இண்டைக்குக் கட்டுப்பாடில்லாதது அன்ரி. நாளைக்கு மாத்தினாலும் மாத்துவாங்கள். மாத்தினா நீங்கள் சுடவும் ஏலாது, விக்கவும் ஏலாது. கடையும் எடுக்காது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

"நாளைக்கு என்ன நடக்கும் எண்டு தெரிஞ்சு நான் எண்டைக்குப் பிள்ளை இருந்தனான்?" என்றார். "குட்டியள் இண்டைக்கெல்லோ சாகுது."

முதலாளிக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, இந்தக் கடையில் புத்தியாகத் துவக்கு வாங்கிய முதல் ஆள் இவர்தான் என்றார்.

அவர் அனுமதிப்பத்திரம் எடுத்த கதை கடையில் எல்லோருக்கும் தெரியும். பாதுகாப்பு வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பது, துவக்கைக் கையில் எடுத்தவுடன் குண்டு போகும் அறையைத் திறந்து பார், இன்னொருவருக்குக் கொடுப்பதற்கு முன்னம் திறந்து வெறுமையைக் காட்டு என்பதுதான். செய்முறைப் பரீட்சையில் வாட்டசாட்டமான ஆண்கள் அதை மறந்து கோட்டை விட்டார்கள். அன்ரி பரீட்சகர் வாய் திறப்பதற்கு முன்னமே திறந்து, சாய்த்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, விரலையும் விட்டுக் காட்டினார். பரீட்சகர் இதை எங்கே பழகினீர்கள் என்று கேட்டாராம்.

"உதைத்தானே ஐயா நாங்கள் வாழ்நாள் முழுக்கச் செய்தனாங்கள் எண்டு சொன்னன். அந்தாளுக்கு விளங்கேல்லை. சிரிச்சுக்கொண்டு மாக்ஸைப் போட்டிட்டுது."

ஒருமுறை அவருடைய பண்ணைக்குப் போனேன். அம்மாவுக்கு இறைச்சி வாங்கவேண்டியிருந்தது. வீட்டுக்குள் காலை வைத்ததும் அன்ரி அலுமாரிகளைத் திறக்கத் தொடங்கிவிட்டார். இது உடுப்பு, இது சட்டி பானை, இது குளிர்ப்பெட்டி. நான் என்னவோ ஊரில் வீடு சோதிக்க வரும் ஆமி போல.

"அன்ரி, நான் இறைச்சி வாங்க வந்தனான்."

"தெரியும் பிள்ளை. கை தன்பாட்டில போகுது."

ரைபிள் மட்டும் இரும்புப் பெட்டிக்குள், விசைக்கு ஒரு பூட்டு, பெட்டிக்கு ஒரு பூட்டு என்று ஒழுங்காக இருந்தது. நல்லது என்றேன். அதற்குள் அவர் இரண்டு பூட்டையும் திறந்து, குண்டு போகும் அறையைத் திறந்து, வெறுமையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

தேத்தண்ணி குடிக்கும்போதுதான் கணவரைப் பற்றிச் சொன்னார். போர் முடிந்த நேரம் அது. தண்ணீரைக் கடந்து இராணுவத்தின் பக்கம் வந்தவர்களிடம் ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்களாம்: ஒரு நாளென்றாலும் இயக்கத்தில் இருந்தவர்கள் வந்து பதியுங்கள், பதிந்துவிட்டுப் போகலாம். கணவர் இயக்கத்துக்கு வாகனம் ஓட்டியவர். முதலில் போனவர்கள் சிலர் கொஞ்சக் காலத்தில் திரும்பி வந்தார்கள். கணவர், அவசரமில்லை, பிறகு பார்ப்பம், எல்லாரும் போகட்டும் என்று இருந்தார். கடைசி பஸ்ஸில்தான் ஏறினார்.

"முந்திப் போனவைக்கு அடி குறைய விழுந்தது பிள்ளை. பிந்திப் போனவை வரேல்லை. அவர் பிந்திட்டார். அவ்வளவுதான்."

என் இறைச்சிப் பொதிக்குள் கேட்காமலே ஈரலையும் வைத்துக் கட்டித் தந்தார்.

அடுத்த வருடம் பட்டியல் மாறியது. மரப்பிடி ரைபிளும் அதில் இருந்தது. அதே துவக்கு, அதே மரம், அதே குண்டு. காலையில் வேலி ஓரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்றிருந்த சாமான், மத்தியானம் தடைசெய்யப்பட்டதாகிவிட்டது. வாங்கிய எல்லோரையும் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லும் வேலை என்னுடையது. சிலர் கத்தினார்கள். சிலர் அழாத குறை. ஒருவர், உன்னை எந்த வகைக்குள் போடலாம் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு வைத்தார். எல்லோருக்கும் ஒரே விளக்கம்: பொதுமன்னிப்புக் காலம் தந்திருக்கிறார்கள், அதுவரை பூட்டியபடி வீட்டில் வைத்திருக்கலாம், எடுக்கக்கூடாது, சுடக்கூடாது, ஒப்படைக்க விரும்பினால் முதலில் பொலிஸுக்குத் தொலைபேசி எடுத்து நாள் கேட்கவேண்டும்.

அன்ரியிடம் இதையே மெதுவாகச் சொன்னேன்.

"அப்ப குடுத்திடவேணும்."

"இல்லை அன்ரி. அவசரமில்லை. நேரம் தந்திருக்கிறாங்கள். நீங்கள் தொடாதேங்கோ, பூட்டினபடி இருக்கட்டும். நான் வந்து பொலிஸுக்குப் போன் எடுத்துத் தாறன்."

"நேரம் தந்திருக்கிறாங்களோ?"

"ஓம் அன்ரி."

"எழுத்தில தந்திருக்கிறாங்களோ, சும்மா வாயாலயோ?"

"சட்டமா எழுதியிருக்கு அன்ரி. நான் வாசிச்சனான்."

"நீ படிச்ச பிள்ளை. சரியாத்தான் வாசிச்சிருப்பாய்," என்றார். அந்தக் குரலில் சந்தேகம் என் மேல் இல்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து, கடையில் ஆள் குறைந்த ஒரு மதியத்தில் என் கைத்தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, நான் வந்திட்டன்."

"எங்க அன்ரி?"

"பொலிஸ் ஸ்டேஷனுக்கு. கார்ப் பார்க்கில நிக்கிறன். நரி ஒண்டையும் சுட்டதில்லை எண்டு இங்கிலிஸில எப்பிடிச் சொல்லுறது?"

முதலாளியைக் கைகாட்டிக் கூப்பிட்டேன்.

"துவக்கு எங்க?"

"டிக்கியில. டிக்கியைத் திறந்துதான் விட்டிருக்கிறன். வெள்ளைச் சீலை விரிச்சு வடிவா வைச்சிருக்கிறன்."

"பெட்டிக்குள்ளதானே? பூட்டித்தானே?"

"பூட்டினா என்னத்தை ஒளிக்கிறாய் எண்டெல்லோ கேப்பாங்கள்? பூட்டையெல்லாம் கழட்டிட்டன். அறையும் திறந்து கிடக்கு. வெறுமை எண்டு தூரத்தில இருந்தே தெரியும்."

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். கட்டுப்பாடில்லாத துவக்கைப் பூட்டாமல் காரில் கொண்டுபோகலாம். வெறுமையாக இருந்தால் போதும். தடைசெய்யப்பட்டதை அப்படிக் கொண்டுபோனால் குற்றம்: விசைக்குப் பூட்டு வேண்டும், உள்ளே இருப்பது தெரியாத பூட்டிய பெட்டி வேண்டும். வகுப்பில் முழு மாக்ஸ் வாங்கித் தந்த அதே செயல், பட்டியலில் ஒரு வரி மாறியதும் அவரைச் சிறைக்குக் கொண்டுபோகக்கூடியதாகிவிட்டது. அன்ரிக்கு இன்னும் குடியுரிமை வரவில்லை. விண்ணப்பித்துக் காத்துக்கொண்டிருந்தார். துவக்குக் குற்றத்தில் தண்டனை விழுந்தால் இந்த நாட்டில் இருக்கிற உரிமையே ஆட்டம் காணும். நான் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம்தான் வகுப்பில் வாசித்திருந்தோம்.

"அன்ரி, டிக்கிப் பக்கம் போகாதேங்கோ. முன் சீற்றில ஏறி இருந்து ரெண்டு கையையும் ஸ்டியறிங்கில வையுங்கோ. போனை ஸ்பீக்கரில போட்டு மடியில வையுங்கோ."

"அப்ப ஆர் திறந்து காட்டுறது?"

"ஒருத்தரும் காட்டவேண்டாம். அன்ரி, தயவுசெய்து."

முதலாளி கடையின் தொலைபேசியில் அந்த நிலையத்தைக் கூப்பிட்டு விளக்கத் தொடங்கினார். அதற்குள் யாரோ பார்த்துவிட்டார்கள். என் காதுக்குள் சத்தங்கள் வந்தன. கத்தல், ஓடும் சப்பாத்துகள், ஒரே நேரத்தில் பலர் சொன்ன கட்டளைகள். நான் ஆங்கிலத்தில் என் பெயரைச் சொன்னேன், கடையின் பெயரைச் சொன்னேன், துவக்கு வெறுமையானது, அவர் ஒப்படைக்க வந்தவர், அவருடைய வலது கை மேலே எழும்பாது, அது மறுப்பில்லை, காயம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். யாருக்குக் கேட்டதோ தெரியாது. அன்ரியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. அழவில்லை.

"நான் முதல் ஆளாத்தானே வந்தனான்," என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். "முதல் ஆளாத்தானே வந்தனான்."

அடிக்கவில்லை. அதையும் எழுதவேண்டும். விலங்கு போட்டார்கள், பிறகு கையைப் பார்த்து முன்பக்கமாக மாற்றிப் போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். மாலையில் தம்பியோடு விட்டார்கள். ஆனால் குற்றச்சாட்டுப் பதிந்தாகிவிட்டது. பதிந்ததை யாரும் வாயால் அழிக்க முடியாது.

அந்தக் குளிர்காலம் நீதிமன்றத்தில் போனது. தவணை, மறுபடி தவணை. வழக்கறிஞருக்குத் துவக்கு வகைகள் பற்றி அவ்வளவாகத் தெரியவில்லை. எப்போது எது மாறியது, வாங்கிய நாளில் என்ன வகை, பொதுமன்னிப்பு எதையெல்லாம் அனுமதிக்கிறது என்பதை நான் இருந்து விளக்கினேன். அவர் குறித்துக்கொண்டார். நீ வழக்கறிஞருக்கே படிக்கலாமே என்றார். வேறு நாளென்றால் அப்பாவிடம் சொல்லியிருப்பேன். அன்றைக்கு நித்திரை கொள்ளத்தான் விருப்பமாக இருந்தது.

நீதிமன்ற வாசலில் காவலாளி எல்லோருடைய பைகளையும் சோதிப்பார். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஆட்கள் நிற்கும்போதே அன்ரி பையைத் திறந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார். முதல் முறையாக ஓர் இடத்தில் உண்மையாகவே கேட்கிறார்கள். செபமாலையைத் தட்டில் போட்டுவிட்டு, "பாத்தியோ, கேக்கிறாங்கள்தானே," என்று என்னைப் பார்த்தார். இவ்வளவு காலமும் அவர் செய்தது வீணில்லை என்று என்னை நம்பவைக்கப் பார்த்தார்.

கடைசியில் குற்றச்சாட்டை மீளப் பெற்றார்கள். நன்னடத்தைக்குக் கையெழுத்து வைக்கவேண்டும், அனுமதிப்பத்திரத்தைக் கொடுத்துவிடவேண்டும், துவக்கு எதையும் தொடக்கூடாது. தண்டனை இல்லை. நாட்டில் இருக்கலாம். குடியுரிமை விண்ணப்பம் மட்டும் எங்கேயோ ஓர் அலுவலகத்தில் பரிசீலனையில் கிடந்தது.

வெளியே வந்ததும், "அப்ப இது முடிஞ்சுதோ பிள்ளை?" என்று கேட்டார்.

"முடிஞ்சுது அன்ரி."

"இனி மாத்தமாட்டாங்களோ?"

"இதை மாத்தமாட்டாங்கள்," என்றேன். மஞ்சள் துண்டு வாசிக்கிற அதே குரலில் சொன்னேன் என்பது காரில் ஏறிய பிறகுதான் எனக்குக் கேட்டது.

அதன் பிறகு நான் படிப்பை முடித்து நகரத்துக்குள் ஒரு சிறிய சட்ட அலுவலகத்தில் சேர்ந்துவிட்டேன். துவக்குக் கடைக்குப் போவதில்லை. அன்ரியைப் பார்க்கவும் நேரம் வாய்க்கவில்லை. போன வசந்த காலத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவருடைய இலக்கத்திலிருந்து என் தொலைபேசிக்குப் படங்கள் வரத்தொடங்கின. ஒன்றன் பின் ஒன்றாக, நிற்காமல்.

ஒரு கழுதை.

முன்னாலிருந்து எடுத்தது, இரண்டு பக்கமும் எடுத்தது, பின்னாலிருந்து எடுத்தது. நாலு குளம்பையும் தனித்தனியாகத் தூக்கிப் பிடித்து எடுத்தது. கடைசிப் படத்தில், மடங்காத வலது கையால் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இடது கையால் அதன் உதட்டை மேலே தூக்கி, பற்கள் எல்லாம் தெரிய வாயைத் திறந்து பிடித்திருந்தார். படத்தை எடுத்தது தம்பியாக இருக்கவேண்டும். பின்னால் ஆட்டுக்குட்டிகள் சில நின்றன.

பிறகு அவருடைய குரல் வந்தது.

"பிள்ளை, ஆட்டுக்குள்ள விட்டா இது நரியை உதைச்சுக் கலைக்குமாம். பக்கத்துப் பண்ணை வெள்ளைக்காரன் தந்தவன். இது எந்த வகைக்குள்ள வரும் எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு. வைச்சிருக்கலாமோ? பூட்டி வைக்கவேணுமோ, திறந்து விடலாமோ? ஏதும் மாத்தினாங்கள் எண்டா எனக்குத்தான் முதல் சொல்லவேணும், கண்டியோ. நான் உடனே கொண்டுபோய்க் குடுத்திடுவன்."

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, அந்த ஊராட்சியின் கால்நடை விதிகளைத் தேடி எடுத்து, முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். கழுதைக்குத் தடை எதுவும் இல்லை. ஒரு முறை போதாது என்று இன்னொரு முறையும் வாசித்தேன். பிறகுதான் அவரைக் கூப்பிட்டேன்.

"வைச்சிருக்கலாம் அன்ரி. பிரச்சினை இல்லை."

"இண்டைக்குத்தானே?"

"ஓம் அன்ரி. இண்டைக்கு."

"அது காணும்," என்றார். "பொறு, இன்னும் காதுக்குள்ள படம் எடுத்து அனுப்பேல்லை."